கோமளா டீச்சர் கேற்றைப் பூட்டிய நாள்

சென்ற மாதம் வந்தாறுமூலையில் நடந்த, புதிய முன்பள்ளி உத்தியோகத்தர்களான உங்கள் அறிமுகப் பயிற்சியில் பேச என்னையும் அழைத்திருந்தார்கள். அரை மணித்தியாலம் தந்தார்கள். அதில் பத்து நிமிடம் மைக்கைத் திருத்துவதிலேயே போய்விட்டது. மிகுதி நேரத்தில் நான் சொன்னதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிற விடயங்கள்தான். முடிவில் பின்வரிசையிலிருந்து உங்களில் ஒருவர் எழுந்து, இத்தனை வருட வேலையில் நான் எதை நினைத்து ஆகக் கூடுதலாகப் பெருமைப்படுகிறேன் என்று கேட்டார். நூற்றுக்கணக்கான ஆசிரியைகளைப் பயிற்றுவித்ததை நினைத்து என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏறாவூர் தாண்டுவதற்குள்ளேயே, நான் சொன்னது மேடைக்கான பதில் என்பது எனக்கு விளங்கிவிட்டது. உண்மையான பதிலைச் சொல்ல மைக் போதாது. அதனால் எழுதுகிறேன்.

முன்பள்ளிகளை மேற்பார்வை செய்து, ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற உத்தியோகத்தராக இந்த மாவட்டத்தில் வாவியின் இரண்டு கரையிலும் வேலை செய்திருக்கிறேன். கடலை ஒட்டிய எழுவான்கரையிலும் வயல் சூழ்ந்த படுவான்கரையிலும் எனக்குத் தெரியாத முன்பள்ளி குறைவு. வெள்ளமோ புயலோ கடலோ வந்தால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதுதான் நான் கொடுத்த பயிற்சிகளில் முக்கியமானது. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் நம்பியிருந்த காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பில் இரண்டு வாரப் பயிற்சியை முடித்துக்கொண்டு, கழுத்தில் ஒரு விசிலும் கையில் நேரம் பார்க்கிற கடிகாரமுமாக ஊருக்குத் திரும்பியிருந்தேன். குருக்கள்மடத்துக்குத் தெற்கே, கடலுக்கும் கல்முனை வீதிக்கும் நடுவில் ஒரு சிறிய முன்பள்ளி. அங்கே கோமளா டீச்சர் என்று ஒருவர், தனியாளாகப் பதினெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, அதிகம் கதைக்கமாட்டார். பிள்ளைகள் எப்படிப் போக வேண்டும், எங்கே கூட வேண்டும் என்ற திட்டத்தை நான் ஏற்கெனவே எழுதி, சுவரில் ஒட்டச் செய்திருந்தேன். முன்னறிவித்தல் இல்லாமல் ஒத்திகை நடத்தினால்தான் உண்மையான நிலவரம் தெரியும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். ஒரு காலை நேரம், பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அவித்த கௌபிப் பயறு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வாசலில் போய் நின்று விசிலை ஊதினேன். போதாததற்கு, கடல் வருகிறது என்று கத்தினேன்.

கோமளா டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளை இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். முற்றத்தைத் தாண்டி, வாசல் கேற்றைத் தாண்டி, பெரிய வீதியைக் குறுக்கே கடந்து ஓடினார். கல்முனைப் பக்கமிருந்து வந்த பஸ் பிரேக் அடித்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பஸ் அவரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. உள்ளே பதினாறு பிள்ளைகள் ஒரே குரலில் அழுதார்கள். ஒருவன் வாங்குக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றான்.

அழுகிறவர்களை அடக்கி, பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்ணிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வீதியைக் கடந்தேன். எதிர்க் கடையின் படியில் கோமளா டீச்சர் இரண்டு பிள்ளைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டியது மன்னிப்பு. ஆனால் நான் சொன்னது, திட்டத்தில் எழுதியிருந்தபடி நீங்கள் செய்யவில்லையே என்பது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"பதினெட்டுப் புள்ளயள் மிஸ். எனக்கு ரெண்டு கை. நீங்க எழுதின தாள்ல எத்தின கை இருக்கு?"

பிறகு கடைக்காரர்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார், சுனாமியில் கோமளா டீச்சருடைய இளைய மகன் போய்விட்டான் என்று. அதை அறியாமலேயே நான் ஒரு வருடமாக அந்த முன்பள்ளிக்குப் போய்வந்திருக்கிறேன். வரவுப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன், சுவர்ப் படங்களைப் பார்த்திருக்கிறேன், மலசலகூடத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவரிடம் எதையும் கேட்டதில்லை.

அன்று அலுவலகத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஆசிரியை திட்டத்தைப் பின்பற்றத் தவறினார் என்று முதல் வரியை எழுதிவிட்டு, அதற்கு மேல் பேனை ஓடவில்லை. தாளைக் கிழித்தேன். அடுத்த கிழமை விசில் இல்லாமல் போனேன். வேலையை விடப்போவதாக அவர் சொன்னார். விடுவதென்றால் விடுங்கள், ஆனால் அதற்கு முதல் சுவரில் இருக்கிற அந்தத் திட்டத் தாளை எப்படித் திருத்துவது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். உண்மையில் அவரைத் தடுக்கும் நோக்கத்தில் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் விட்டுப் போகவில்லை. பல நாட்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு இருவரும் அந்தப் பாயில் உட்கார்ந்து கதைத்தோம். விசிலுக்குப் பதிலாக ஒரு ரயில் பாட்டை அவர்தான் கட்டினார். அந்தப் பாட்டைத் தொடங்கினால் பிள்ளைகள் எந்த வேலையையும் விட்டுவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாவார்கள். தையல்காரப் பெண், எதிர்க் கடைக்காரர், இன்னும் இரண்டு அயலவர்கள் என்று பாட்டுக் கேட்டவுடன் ஓடிவருவதற்கு ஆட்களைப் பேசிவைத்தார். ஒவ்வொருவருக்கும் இன்னின்ன பிள்ளைகள் என்று பேர் சொல்லிக் கொடுத்தார். கடல் வருகிறது என்ற சொல்லை ஒத்திகையில் எவரும் சொல்லக் கூடாது என்பது அவருடைய ஒரே கட்டளை. அதன் பிறகு நான் நடத்திய பயிற்சிகளுக்கெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஒரு மணித்தியாலம் விளக்குவதை அவர் ஐந்து நிமிடத்தில் பாடிக் காட்டிவிடுவார்.

உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் அவரைத் திருத்தி எடுத்துவிட்டதாகத்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிழை போக ஒரு வெள்ளம் தேவைப்பட்டது.

சில வருடங்களுக்குப் பிறகு கோமளா டீச்சர், கணவரின் ஊரான படுவான்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போய்விட்டார். கடல் சத்தம் கேட்காத இடத்தில் படுத்துறங்க வேண்டும் என்றார். அங்கேயும் முன்பள்ளி ஆசிரியையாகவே சேர்ந்தார். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். வட்டை என்று அங்கே சொல்கிற பெரிய வயல்வெளியின் ஓரத்தில், சிறிது மேடான நிலத்தில் அந்த முன்பள்ளி இருக்கிறது. பிள்ளைகளின் வீடுகளெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். இடையில் ஒரு சப்பாத்துப் பாலம். கைப்பிடி இல்லாத, நிலத்தோடு பதிந்த கொங்கிரீட் பாலம். மாரியில் தண்ணீர் அதற்கு மேலால்தான் ஓடும். பாலத்தின் இரு ஓரமும் தெரிவதற்காக வெள்ளை அடித்த கட்டைகள் நட்டிருப்பார்கள்.

அந்த மாரியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை வானம் வெளித்து, வெயில்கூட எறித்தது. முன்பள்ளிகள் திறந்தன. பத்து மணி போல, மேலே உள்ள குளம் நிரம்பி அதன் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முன்பள்ளிகளை உடனே மூடி, பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. இரண்டு தொலைபேசியை வைத்துக்கொண்டு பட்டியலின்படி ஒவ்வொரு ஆசிரியையாக எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லோரும் ஓம் மிஸ், ஓம் மிஸ் என்றார்கள். எழுதி எழுதிச் சரி போட்டேன். வேலை மிகவும் ஒழுங்காகப் போகிறது என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

கோமளா டீச்சர் மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, "குடுக்க ஏலா மிஸ்" என்றார்.

கேற்றுக்கு வெளியே ஆட்கள் சத்தம் போடுவது எனக்குக் கேட்டது. பெற்றோர்கள் ஏழெட்டுப் பேர் அப்போதுதான் பாலத்தைக் கடந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள். அவர் கேற்றைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார். குகன் என்ற இளம் தகப்பன், மோட்டார் சைக்கிளில் வந்தவர், கேற்றைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். தன்னுடைய பிள்ளையைத் தனக்குத் தர மறுக்க நீ யார் என்று அவர் கேட்டது தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது. நியாயமான கேள்விதான். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எனக்குக் கோபம் வந்தது. பட்டியலில் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். இது உத்தரவு, பிள்ளைகளைக் கொடுத்துவிட்டால் உங்கள் பொறுப்பு முடிந்தது, கொடுக்காமல் வைத்திருந்து ஏதும் நடந்தால் நான்கூட உங்களைக் காப்பாற்ற மாட்டேன் என்று கடுமையாகவே சொன்னேன்.

"மிஸ், எட்டு மணிக்கு நான் வரக்குள்ள அந்த வெள்ளக் கட்டை எல்லாம் முழுசாத் தெரிஞ்சிது. இப்ப பாதிதான் தெரியுது. தண்ணி செம்மண் நிறத்தில வைக்கலையும் இழுத்துக்கொண்டு வருது. இவங்க வரக்குள்ள கணுக்கால் அளவு. போகக்குள்ள அப்படி இருக்காது. உத்தரவு உங்கட. பாலம் என்ட கண்ணுக்கு முன்னால கிடக்கு."

அத்தோடு இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன். கிடைக்கவில்லை. பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே, ஆசிரியை உத்தரவை மறுத்தார் என்று எழுதி நேரத்தையும் போட்டேன். அந்த வரி என் கையெழுத்தில் இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள்.

பின்பு நடந்தவை எனக்கு அங்கிருந்தவர்கள் சொன்னவை. கேற்றைத் திறக்கப் பண்ணுவதற்குக் கிராம சேவையாளரைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குகன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். கோமளா டீச்சர் உள்ளே இருந்து, போகவேண்டாம் தம்பி, பாலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை. பாலத்தின் நடுவுக்குப் போகும்போது முன் சில்லைத் தண்ணீர் தூக்கிவிட்டது. மோட்டார் சைக்கிள் சரிந்து, தண்ணீரோடு வட்டைக்குள் போய்விட்டது. குகன் ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தண்ணீர் அவருடைய நெஞ்சில் மோதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நெல் களஞ்சியத்தடியில் உழவு இயந்திரத்தோடு நின்ற இரண்டு பேர் கயிறு எறிந்து அவரை இழுத்தெடுக்க முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. நாலு வயதுப் பிள்ளையைப் பெற்றோல் டாங்கியின் மேல் முன்னால் இருத்தித்தான் அவர் தினமும் ஓட்டுவார்.

கேற்றடியில் நின்றவர்கள் அதன் பிறகு சத்தம் போடவில்லை. கோமளா டீச்சர் கேற்றைத் திறந்து அவர்களை உள்ளே எடுத்தார்.

நான் கையெழுத்திட்டு அங்கீகரித்த திட்டத்தில், வெள்ளம் வந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டிய இடம் ஒரு பாடசாலை மண்டபம். அது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தத் திட்டத்தை நான் அலுவலகத்தில் இருந்து, வரைபடத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். கோமளா டீச்சர் அந்த மாரி தொடங்க முதலே, முன்பள்ளிக்குப் பின்னால் உயர்ந்த அத்திவாரத்தில் கட்டிய அந்த நெல் களஞ்சியத்தைப் போய்ப் பார்த்து, சொந்தக்காரரிடம் ஒரு திறப்பை வாங்கி வைத்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் திருத்தியமைத்த திட்டத்தை மூன்று பிரதியில் அனுப்பச் சொல்லுவேன் என்று அவருக்குத் தெரியும்.

ரயில் பாட்டைப் பாடிக்கொண்டு இருபத்திரண்டு பிள்ளைகளும் களஞ்சியத்துக்குப் போனார்கள். போவதற்கு முதல் வந்திருந்த ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் மூன்று பிள்ளைகளைக் கொடுத்தார். எவருக்கும் சொந்தப் பிள்ளையைக் கொடுக்கவில்லை. ஒரு தாய் அழுது கேட்டும் கொடுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னர் கேட்டேன். தன்னுடைய பிள்ளை கையில் இருந்தால் மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாது மிஸ், எனக்கு அது தெரியும் என்றார். மற்றவர் கையில் தன் பிள்ளை இருக்கும்போது தன் கையில் இருக்கிற பிள்ளையை எவரும் விடமாட்டார்களாம். எந்தக் கைநூலிலும் இதை நான் வாசித்ததில்லை.

பின்னேரம் நாலு மணி போல ஒரு வள்ளத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். வழி முழுவதும், இன்னும் எவ்வளவு தூரம் என்று வள்ளக்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முன்பள்ளிக்குள் இடுப்பளவு தண்ணீர். சுவரில் ஒட்டியிருந்த என்னுடைய திட்டம் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. களஞ்சிய வாசலில் கோமளா டீச்சர் நெல் மூடையில் சாய்ந்தபடி நின்றார். உள்ளே பிள்ளைகளில் பாதிப் பேர் நித்திரை. தாய்மார் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். குகன் யாருடையதோ சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேறொருவரின் குழந்தையை மடியில் வைத்திருந்தார்.

நான் பேசத் தொடங்க முதல் கோமளா டீச்சர் கேட்டது, "மிஸ், நனைஞ்சிட்டிங்களோ?" என்று.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் உங்களுக்காக நான் எழுத நினைத்தது இதற்குப் பிறகு வருவதைத்தான். வெள்ளம் வடிந்து இரண்டு கிழமையில், உத்தரவை ஏன் மீறினீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கோமளா டீச்சருக்குக் கடிதம் போயிற்று. நான் பதிவேட்டில் எழுதிய அந்த ஒரு வரிதான் காரணம். பிள்ளைகளைப் பலவந்தமாகத் தடுத்து வைத்தார் என்று வேறொருவரும் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். விசாரணைக்கு என்னுடைய அறிக்கையும் தேவைப்பட்டது.

அதை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது. ஆசிரியையின் முடிவு சூழ்நிலைக்குப் பொருத்தமானது என்று மட்டும் எழுதியிருந்தால் அவரும் தப்பியிருப்பார், நானும் தப்பியிருப்பேன். என்னுடைய மேலதிகாரி நல்ல மனிதர். அப்படித்தான் எழுதச் சொன்னார், எனக்கு ஓய்வு பெற அதிக காலமில்லை என்பதையும் நினைவூட்டினார். நான் எழுதியது வேறு. களத்தில் என்ன நிலைமை என்று ஒரு வார்த்தை கேட்காமல் நான் உத்தரவிட்டேன்; அவர் எனக்குக் கீழ்ப்படிந்திருந்தால் பிள்ளைகள் அந்தப் பாலத்தில் இருந்திருப்பார்கள்; நான் அங்கீகரித்த திட்டமும் பிழையானது. இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

விசாரணையில் குகனையும் அழைத்திருந்தார்கள். அவர் டீச்சருக்கு எதிராகச் சொல்லுவார் என்றுதான் அங்கிருந்த பலர் எண்ணினார்கள். மோட்டார் சைக்கிள் போனது, ஊரார் முன்னிலையில் அவமானப்பட்டது என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. அன்று என்ன நடந்தது என்று கேட்டபோது சொன்னார்:

"கட்டையப் பிடிச்சிக்கொண்டு நிண்ட நேரம் முழுக்க, என்ட புள்ள எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். அவ்வளவுதான் சேர். வேற சொல்ல ஒண்டும் இல்ல."

கோமளா டீச்சர் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அது என்னுடைய ஆவணக் கோவையில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில், ஓர் உத்தரவைச் சொல்ல முதல் அங்கே நிற்கிறவரிடம் நிலைமையைக் கேட்டு எழுத வேண்டும் என்று பதிவேட்டில் ஒரு நிரல் சேர்த்தோம். இப்போது நீங்கள் நிரப்பச் சலிக்கிற அந்த நிரல்தான் அது.

நான் பயிற்றுவித்த ஒருவர், நான் பிழையாகச் சொன்னபோது எனக்குக் கீழ்ப்படியாமல் நின்றார். என் பெருமை அதுதான். உங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினால் சந்தோசப்படாதீர்கள்.

அன்று விசாரணை முடிந்து கோமளா டீச்சரும் நானும் வெளியே வந்தோம். பஸ் வரும்வரை மரநிழலில் நின்றோம். நான் அவரிடம் சொல்ல ஒரு வசனத்தைக் காலையிலிருந்து மனதில் தயார்பண்ணி வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"மிஸ், உங்கட தாள்ல வெள்ளம் இருக்கு, புயல் இருக்கு, நெருப்பு இருக்கு. எங்கட பக்கம் வேளாண்மை விளையுற நேரம் யானை வாற. போன கிழமை பகல்லயே முன்பள்ளி வேலியடியில நிண்டிட்டுப் போயிருக்கு. அதுக்கு ஒண்டும் இல்லையே?"

யானைக்கு என்ன செய்வதென்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தந்ததில்லை. கைப்பையைத் திறந்து பேனையையும் ஒரு தாளையும் எடுத்தேன்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றேன். "நான் எழுதுறன்."